நாலு மடிப்பு ஈயம்

இருதயராஜின் கையைப் பார்க்கிற வரைக்கும் கன்னியப்பனுக்கு அந்த எக்ஸ்ரே லைட்டின் மேல் எந்தப் பயமும் இருக்கவில்லை. வயிற்றுக்குள் பிள்ளை எப்படிப் படுத்திருக்கிறது என்று வெளியிலிருந்தே படம் பிடித்துவிடலாம் என்று டாக்டரம்மா சொன்னபோது, யாரோ ஆற்காட்டு மக்கன் பேடா இனிப்பை நீட்டியது மாதிரி சந்தோஷமாகத் தலையாட்டினவன்தான் அவன்.

ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஒரு ஷாப்பில் அவனுக்குச் சுண்ணாம்புக் குழி வேலை. பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, மயிர் கழன்று வருகிற பதம் பார்த்து இழுத்துப் போட வேண்டும். ஒரு நாள் முந்தினால் மயிர் வராது, இரண்டு நாள் பிந்தினால் தோலே கூழாகிவிடும். அந்தக் குழியில் இறங்கிப் பதினாறு வருஷம் ஆயிற்று. இதற்கே பயப்படாதவன் வேறு எதற்குப் பயப்படப் போகிறான் என்று ஒரு மிதப்பு அவனுக்கு உண்டு.

அவன் பெண்சாதி பட்டம்மாளுக்கு இது மூன்றாவது பிள்ளை. முதல் இரண்டும் மாசம் நிறைந்து, வலி கண்டு, பாதி வழியில் சிக்கிக்கொண்டு செத்துப் பிறந்தன. முதலாவதற்கு மூன்று நாள் வலி, இரண்டாவதற்கு ஒன்றரை நாள். "இவ பொழச்சதே பெருசு, இன்னொரு தபா தாங்க மாட்டா" என்று மருத்துவச்சி கையைக் கழுவிக்கொண்டே சொன்னாள். அதைக் கேட்ட கன்னியப்பன் ஒரு வருஷம் அவள் வீடு இருக்கிற தெருவுக்குள்ளேயே போகவில்லை. அவள் சொன்னது பொய்யில்லை என்று அவனுக்குத் தெரியும், அதனால்தான் போகவில்லை.

ஆகவே இந்தத் தடவை ஒன்பதாம் மாசம் பிறந்ததும் புருஷனும் பெண்சாதியும் ரயிலேறிக் காட்பாடியில் இறங்கி, ஜட்கா வண்டி பிடித்து, வேலூரில் ஒரு ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலாம் வருஷம் அது. டாக்டரம்மா பட்டம்மாளை வெகுநேரம் அமுக்கிப் பார்த்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இடுப்பெலும்பு குறுகலா இருக்கு பட்டம்மா. பிள்ளைக்குத் தலை மேல இருக்கிற மாதிரியும் தோணுது. கையால பாத்து முடிவா சொல்ல முடியல. தானா பொறக்கும்னா விட்டுடலாம். பொறக்காதுன்னா, வலி வர்றதுக்கு முந்தியே வயித்தைக் கிழிச்சு எடுத்துடணும்."

"கிழிச்சா இவ பொழப்பாளாம்மா?" என்றான் கன்னியப்பன்.

டாக்டரம்மா பூசி மெழுகவில்லை. "நெறைய பேரு பொழைக்கிறாங்க. எல்லாரும் இல்ல. அதனாலதான் சும்மா கிழிக்க எனக்கு மனசில்ல. ஒரே ஒரு படம் பாத்தா எல்லாம் தெரிஞ்சுடும். வர்ற வியாழக்கிழமை வாங்க."

வியாழக்கிழமைக்கு நேரம் குறித்து வாங்க எக்ஸ்ரே ரூமுக்குப் போனபோதுதான் அந்தக் கையைப் பார்த்தான். மேசைக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்து சீட்டு எழுதிக்கொண்டிருந்தார் இருதயராஜ். லைட்டுப் போட்டுப் படம் எடுக்கிறவர் அவர்தான். வயசு இவனைவிட நாலைந்துதான் கூட இருக்கும். ஆனால் வலது கை கிழவன் கை. நகங்கள் பிளந்து கறுத்திருந்தன. புறங்கைத் தோல் காய்ந்து வெடித்து, நடுநடுவே மருவாக முளைத்திருந்தது. சுட்டுவிரலில் பாதி இல்லை.

கன்னியப்பனுக்கு உறவுக்காரனைப் பார்த்தது போல் ஆகிவிட்டது.

"ஐயா எந்த ஷாப்புல இருந்தீங்க? வாணியம்பாடியா, பேர்ணாம்பட்டா?"

"இன்னா ஷாப்பு?"

"சுண்ணாம்புக் குழியில வேல செஞ்ச கையாட்டம் கீதே, அதான் கேட்டேன்."

இருதயராஜுக்கு அன்றைக்குக் காலையிலிருந்து ஒரு வாய் காப்பி கிடைக்கவில்லை. இவனுக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். "சுண்ணாம்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. இது லைட்டு தின்ன கை. சீட்டை எடுத்துக்கினு கெளம்பு" என்றார்.

கன்னியப்பன் கிளம்பவில்லை. ரூமுக்குள் ஓர் ஆள் உயரத்துக்கு மரத்தடுப்பு ஒன்று நின்றது. அதன் மேல் மங்கலான தகடு அடித்திருந்தது.

"அது இன்னா தகடுங்க ஐயா?"

"ஈயம். லைட்டு போடும்போது நான் அதுக்குப் பின்னால போய்டுவேன். ஈயத்தைத் தாண்டி அது வராது. போப்பா, ஆளுங்க நிக்கிறாங்க."

இவ்வளவுதான் பேச்சு. நல்ல மனுஷர்தான் இருதயராஜ், ஆனால் அவசரத்தில் சொன்ன அரைப் பேச்சு ஒருத்தனை என்ன பாடு படுத்தும் என்று யோசிக்க அவருக்கு அன்றைக்கு நேரம் இல்லை.

திரும்பி வருகிற ரயிலில் பட்டம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். குடியாத்தம் ஸ்டேஷன் தாண்டியதும் புருஷன் பக்கம் சாய்ந்து, வெட்கப்பட்டுக்கொண்டே கேட்டாள்.

"அந்தப் படத்துல கொழந்த மூஞ்சி தெரியுமாய்யா?"

முதல் இரண்டையும் அவளுக்கு யாரும் காட்டவில்லை. செத்துப் பிறந்ததைத் தாய் பார்க்கக் கூடாது என்று துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். முகமே தெரியாத இரண்டு பிள்ளைகளுக்கு அவள் தாய். கன்னியப்பன், "தெரியும்மே, தெரியாம இன்னா" என்று சொல்லிவைத்தான்.

அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. படம் வேண்டாம் என்று சொன்னால், போன தடவை மாதிரியே ஆகும், இந்தத் தடவை பட்டம்மாளும் போய்விடுவாள். எடுக்கச் சொன்னால், கல்லு மாதிரி இருக்கிற ஆம்பிளைக் கையையே தின்ற லைட்டு, பிறக்காத பிஞ்சை என்ன செய்யும்? டாக்டரம்மாவையே கேட்டிருக்கலாம். பெரிய படிப்பு படித்தவரிடம் குழிக்காரன் போய் எதிர்க்கேள்வி கேட்பதா என்று வாயைக் கட்டிக்கொண்டான். பட்டம்மாளிடம் சொல்லலாம் என்றால், இத்தனை நாளைக்குப் பிறகு அவள் முகத்தில் ஒரு தெளிச்சி வந்திருக்கிறது. அதைக் கெடுக்க அவனுக்கு வாய் வரவில்லை.

மூன்றாம் நாள் குழியில் நிற்கும்போது ஒரு யோசனை பளிச்சென்று வந்தது. வந்ததும் தன் புத்தியை நினைத்து அவனுக்கே பெருமையாகிவிட்டது. நேராக பஜாருக்குப் போய் டீக்கடை அப்துல் வஹீத் முன்னால் நின்றான்.

"பாய், டீத்தூள் பொட்டிக்குள்ள ஈயத் தகடு சுத்தி வருமே, அது ஒண்ணு குடு."

"உனக்கு எதுக்கு அது?"

"பேஜார் பண்ணாம குடு பாய், அப்புறம் சொல்றேன்."

வஹீத் பாய் காலிப் பெட்டியிலிருந்து தகட்டை உரித்துக் கொடுத்தார். ஏதோ நல்ல காரியத்துக்குத்தான் என்று நினைத்தாரோ என்னவோ, சுற்றிக்கொண்டு போக ஒரு பச்சைத் துணியும் கொடுத்தார். கன்னியப்பன் தகட்டைத் தட்டித் தட்டி நாலு மடிப்பாக மடித்து, அந்தப் பச்சைத் துணிக்குள் வைத்துச் சுற்றிலும் தைத்தான். தோலில் வேலை செய்து பழகிய கை, ஒரு நூல் பிசகவில்லை. மேலே இரண்டு நாடா வைத்தான், வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொள்ள.

ஆம்பூர்ப் பக்கத்தில் சாமி கும்பிடுகிற வீட்டுப் பெண்களும் பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கும்போது தர்காவில் தாயத்து ஓதி வாங்கிக் கட்டிக்கொள்வது உண்டு. அதனால் கன்னியப்பனுக்குப் பொய் சொல்வது சுலபமாக இருந்தது.

"தர்காவுல ஓதிக் குடுத்தாங்க. கொழந்த கைக்கு வர்ற மட்டும் இத அவுக்கவே கூடாதாம்."

பட்டம்மாள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "கனமா கீதே, உள்ள இன்னாய்யா?"

"சந்தனமும் தர்கா மண்ணும்."

வியாழக்கிழமை வந்தது. நர்ஸம்மா பட்டம்மாளைத் திரைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய், நகை, செப்புத் தாயத்து, இரும்பு, பித்தளை எது இருந்தாலும் கழற்று என்றாள். பட்டம்மாள் இடுப்புக் கயிற்றுத் தாயத்தைக் கழற்றினாள், தாலியைத் தோளுக்கு மேல் தள்ளிக்கொண்டாள். வேறே ஏதாவது இருக்கிறதா என்று நர்ஸம்மா கேட்டதற்கு, ஒன்றும் இல்லை என்றாள். அவள் வரைக்கும் அது நிஜம்தான். சந்தனத்தையும் மண்ணையும் யாரும் கேட்கவில்லையே. பச்சைத் துணியை அவிழ்க்காமல் அதன் மேலேயே ஆஸ்பத்திரி அங்கியைப் போட்டுக்கொண்டு மேசையில் படுத்தாள்.

கன்னியப்பன் வெளியே பெஞ்சில் இருந்தான். உள்ளேயிருந்து, "மூச்சைப் பிடி, அசையாதே" என்று இருதயராஜின் குரல் கேட்டது. மெஷின் உறுமி நின்றது. அவன் கை கூப்பினான். போட்ட லைட்டெல்லாம் ஈயத்தில் பட்டுத் திரும்பிப் போயிருக்கும் என்று அவனுக்கு ஒரே நிம்மதி.

அரை மணி நேரத்துக்கெல்லாம் அவனை உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டரம்மா ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராக ஈரப் படத்தைத் தூக்கிப் பிடித்திருந்தார். பட்டம்மாள் பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். படத்தின் இரண்டு ஓரத்திலும் இடுப்பெலும்பு சாம்பல் நிறத்தில் தெரிந்தது. நடுவில், பிள்ளை இருக்க வேண்டிய இடத்தில், சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெள்ளையாகச் சதுரம். அதில் ஒன்றுமே இல்லை.

"கொழந்த எங்கம்மா?" என்றாள் பட்டம்மாள். அவள் கை தன்னையறியாமல் வயிற்றைத் தடவியது. "எங்க போச்சு? காலையில கூட ஒதைச்சுதே."

அவள் டாக்டரம்மா பக்கம் திரும்பினாள். "இதுவும் இல்லையா?"

கன்னியப்பனால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "இருக்கு பட்டு! கொழந்த இருக்கு! நான்தான் மறைச்சிட்டேன்" என்று கத்திவிட்டான். பிறகு கோர்வை இல்லாமல் எல்லாவற்றையும் கொட்டினான். கை, லைட்டு, டீப் பெட்டி, நாலு மடிப்பு.

"தர்காவுல குடுத்ததுன்னு சொன்னியே?"

"பொய் சொன்னேன்."

பட்டம்மாள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். பதினாறு வருஷம் சுண்ணாம்பில் நின்றவனுக்கு அந்தப் பார்வை எரிந்த மாதிரி எதுவும் எரிந்ததில்லை.

டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்தது. "ஒண்ணே ஒண்ணுதான் எடுக்கணும்னு இருந்தேன். அதை வீணாக்கிட்டியே. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா இன்னா?" என்றார். ஆனால் இருதயராஜுக்குக் கோபம் வரவில்லை. அவர் தன் கையைத் தானே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தப்பு எம்மேல" என்றார் மெதுவாக. "கேட்டான். நான் ஒழுங்கா பதில் சொல்லல." கன்னியப்பன் பக்கம் திரும்பினார். "இங்க பாருப்பா. இந்த மெஷின் வந்த புதுசுல, தெனம் காலையில லைட்டு சரியா வருதான்னு எப்பிடிப் பாப்பேன் தெரியுமா? என் கையையே குறுக்க நீட்டிப் பாப்பேன். எலும்பு பளிச்சுனு தெரிஞ்சா சரி. கெடுதல்னு அப்ப யாருக்கும் சரியா தெரியாது. அப்பிடி பன்னெண்டு வருஷம். ஒரு நாளைக்கு எத்தினி தபான்னு கணக்கே இல்ல. அதுல போச்சு இது. ஒரு தபாவுல இல்ல."

கன்னியப்பன் அந்தக் கையையே பார்த்தான். அவனுக்குத் தெரிந்த விஷயம்தான் இது. தோலைக் கெடுப்பது சுண்ணாம்பு இல்லை, நாள் தவறிப்போவதுதான்.

"அப்ப குழியில மறந்து வுட்ட தோலாட்டமா?"

"அதே கணக்குதான்."

"அப்ப என் கொழந்தைக்கு ஒண்ணும் ஆவாதா?"

இதற்கு டாக்டரம்மா பதில் சொன்னார். கோபம் தணிந்திருந்தது. "ஒண்ணுமே ஆவாதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன் கன்னியப்பா. கரு புதுசா இருக்கறப்ப நான் இதுக்குக் கிட்டயே போக மாட்டேன். இப்ப கை, காலு, கண்ணு எல்லாம் ஆயிடுச்சு, வளர்றது மட்டும்தான் பாக்கி. ஒரு படத்துல பயம் கம்மி. பாக்காம வலிக்கு விட்டா பயம் ஜாஸ்தி. ரெண்டையும் வெச்சுப் பாத்துத்தான் எடுக்கலாம்னேன். இப்ப இன்னொண்ணு எடுக்கணும். மொதல் தபா வந்த லைட்டுல பெரும்பாலும் உன் ஈயத்துலயே நின்னுருக்கும். ஆனாலும் நீங்க சரின்னாதான்."

எல்லாரும் கன்னியப்பனைப் பார்த்தார்கள். அவன் பட்டம்மாளைப் பார்த்தான்.

அவள் அங்கிக்குள் கையை விட்டு, நாடாவை அவிழ்த்து, பச்சைத் துணியை உருவி அவன் கையில் வைத்தாள்.

"ரெண்டு தபா இருட்டுல பெத்தேன். இந்தத் தபா பாத்துட்டுத்தான் பெக்கணும். எடுங்கம்மா" என்றாள். பிறகு அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "நீ எனக்காகத்தான் செஞ்சேன்னு தெரியும். ஆனா இனிமே எங்கிட்ட நல்லதுக்குன்னு கூட ஒரு பொய் சொல்லாத. வெள்ளையா அதப் பாத்ததும் உயிரே போய்டுச்சு" என்றாள்.

அவன் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனான். இந்தத் தடவை கை கூப்பவில்லை. "மூச்சைப் பிடி" என்று உள்ளேயிருந்து கேட்டதும், பெஞ்சில் உட்கார்ந்தபடி அவனும் மூச்சைப் பிடித்தான். "விடு" என்கிற வரைக்கும் விடவில்லை.

இரண்டாவது படத்தில் பிள்ளை இருந்தது. முதுகெலும்பு, விலாவெலும்பு எல்லாம் தெரிந்தன. தலை மேலே, பிருஷ்டம் கீழே, கால்கள் மடங்கி. முகம் தெரியவில்லை, மண்டையோட்டின் வளைவுதான் தெரிந்தது. எலும்பைக் கண்டு அவள் பயந்துவிடப் போகிறாள் என்று இருதயராஜ் படத்தைச் சட்டென்று இறக்கப் போனார். பட்டம்மாள் விடவில்லை. "இருங்கய்யா, இருங்க" என்று நகர்ந்து நகர்ந்து பார்த்தாள்.

"உக்காந்துகினு கீது" என்றாள். "யாருக்கோ காத்துகினு இருக்கிற மாதிரி."

குறுகின இடுப்பு, தலைகீழாக வராத பிள்ளை. தானாகப் பிறக்காது என்று டாக்டரம்மா தீர்மானமாகச் சொல்லிவிட்டார். பட்டம்மாளை அங்கேயே சேர்த்துக்கொண்டார்கள். திங்கட்கிழமை காலை வயிற்றைக் கிழிப்பது என்று ஏற்பாடு.

அந்த நாலு நாளும் கன்னியப்பன் ஆஸ்பத்திரி மரத்தடியிலேயே கிடந்தான். திங்கட்கிழமை அவளை உருட்டிக்கொண்டு போனபோது, அவள் கால் கட்டைவிரலைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினான். அவள் சிரித்தாள். கதவு சாத்திக்கொண்டது. அப்புறம் எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது. இருதயராஜ் இரண்டு தடவை வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு, எழுந்து போனார்.

கதவு திறந்து நர்ஸம்மா ஒரு துணிச் சுருளோடு வந்தாள். முன்னே இரண்டு தடவையும் துணிச் சுருள் சத்தமே இல்லாமல்தான் வந்தது. இந்தச் சுருள் வீல் என்று கத்தியது.

"பொட்டப் புள்ள. தாயும் நல்லா இருக்கா. இன்னும் மயக்கம் தெளியல."

கன்னியப்பன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். குலுங்கிக் குலுங்கி அழுதான். அழுது முடித்ததும் அவன் செய்த முதல் காரியம், குழந்தையை வாங்கி ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் துணியை விலக்கியது. நர்ஸம்மா, "குளிருமேப்பா, மூடு மூடு" என்று கத்தினாள். அவன் காதில் வாங்கவில்லை. முதுகு, அக்குள், உள்ளங்கை, காது மடல் என்று ஓரிடம் விடாமல் பார்த்தான். தோலில் பொட்டுப் பழுது இருந்தாலும் கண்டுபிடித்துவிடுகிற கண் அது.

சாயங்காலம் பட்டம்மாள் கண் திறந்தாள். நாக்கு உலர்ந்திருந்தது. பக்கத்துத் தொட்டிலில் தூங்குகிற குழந்தை பக்கம் தலையைத் திருப்ப முடியவில்லை, அவன் கையை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

"பொறந்துடுச்சா?"

"பொறந்துடுச்சு. பொண்ணு."

"உசுரோடயா?"

"உசுரோடதான்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நம்பவில்லை. அது அவனுக்குத் தெரிந்தது. கிழிந்த வயிற்றோடு கிடக்கிறவளிடம் எந்தப் புருஷனும் அப்படித்தானே சொல்வான்?

"நல்லா கீதா? நெஜத்த சொல்லுய்யா" என்றாள்.

எல்லாம் நல்லா இருக்கு, ராஜாத்தி மாதிரி இருக்கா என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. கன்னியப்பன் அதை விழுங்கினான்.

"வெரலு பத்தும் பத்தும் கீது. தோலு சுத்தமா கீது, ஒரு புண்ணு பொட்டு இல்ல. நானே பாத்தேன்" என்றான். கொஞ்சம் தயங்கினான். "இடது காலு மட்டும் உள்பக்கமா கோணிக்கினு கீது பட்டு. உள்ள மடிச்சு உக்காந்துகினு இருந்துச்சில்ல, அதுல ஆனதாம். தெனம் நீவி வுட்டா நேராய்டும்னு டாக்டரம்மா சொல்றாங்க. ஆவலன்னா கூட நான் தூக்கிக்கினு போவேன்."

பட்டம்மாள் கண்ணைத் திறந்தாள். கோணல் காலைப் பற்றிக் கேட்டதும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. இல்லாத பிள்ளைக்கு யாரும் கால் கோணல் என்று சொல்ல மாட்டார்கள்.

"குடு" என்று இரண்டு கையையும் நீட்டினாள்.